எஃப்1 அடிச்சாதான் தெறக்கும்: மாமா வீட்டு 2010 மாடல் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்ட கதை

மாமா வீட்டு கம்ப்யூட்டர் ஆன் ஆகணும்னா எஃப்1 அடிக்கணும். இது எங்க குடும்பத்துல சின்ன பிள்ளைக்கு கூட தெரியும். சுவிட்ச போட்டா கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ள எழுத்து நாலு வரி வரும், மாமி அடுப்படியில இருந்தே "எஃப் ஒண்ண தட்டு"ன்னு சத்தம் போடுவா, தட்டினா விண்டோஸ் வரும், வந்து டெஸ்க்டாப் தெளியறதுக்குள்ள ஒரு கட்டன் சாயா குடிச்சிடலாம். அது அந்த மெஷினோட சுபாவம்னுதான் நானும் ரொம்ப வருஷம் நெனச்சிட்டு இருந்தேன். அந்த நாலு வரியில என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் வாசிச்சு பாத்ததில்ல. நான் கம்ப்யூட்டர் வச்சு சம்பாதிக்கிறவன், நானும் வாசிச்சதில்ல, அத மொதல்லயே ஒத்துக்கிறேன்.

திங்கள்சந்தைக்கு பக்கத்துல வீடு. மாமா தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர், தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இப்பம் ஊர்க்காரங்களுக்கு மனு அடிச்சு குடுப்பார், பட்டா பேர் மாத்த, முதியோர் பென்சன் நின்னு போச்சு, ஓடையில கழிவு விடுறாங்க, இந்த மாதிரி. திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு நாகர்கோவில் போறவங்க ஞாயித்துக்கிழம சாயங்காலமே திண்ணையில வந்து உக்காந்திருப்பாங்க. காசு வாங்க மாட்டார். பேப்பருக்குன்னு யாராவது மட்டிப்பழம் ஒரு சீப்பு வச்சிட்டு போவாங்க. ஆக அந்த கம்ப்யூட்டர் சும்மா மூலையில கெடக்குற சாமான் இல்ல, வாரம் தவறாம வேல பாக்குற மெஷின். இத நான் மொதல்ல சரியா புரிஞ்சிக்கல, அதனால என்ன ஆச்சுன்னு பின்னால சொல்றேன்.

ஐப்பசி மழ நேரத்துல மாமா போன் பண்ணினார். "மக்கா, கம்ப்யூட்டர் ஒண்ணுக்கும் கொள்ளாது போல, கடையில போர்டு போச்சுன்னு சொல்லுதான், புதுசு வாங்கணுமாம். எனக்க ஃபைல் எல்லாம் அதுக்குள்ளயாக்கும் கெடக்கு." கேட்டா, பிரவுசர்ல எந்த சைட் தொறந்தாலும் பாதுகாப்பு இல்லன்னு எச்சரிக்க வருதாம், வேர்டு தொறக்க அஞ்சு நிமிஷம் ஆகுதாம், நடுவுல அப்படியே உறைஞ்சு நிக்குதாம். கடைக்கு கொண்டு போனா அங்க ரெண்டு நாள் நல்லா ஓடுதாம், வீட்டுக்கு கொண்டு வந்தா மறுநாளே பழைய கத. ரெண்டாவது தடவ கொண்டு போனப்ப கடைக்காரருக்கு சலிச்சு போய் போர்டு மேல பழிய போட்டுட்டார்.

கடையில ஓடுது வீட்டுல ஓடல, இந்த ஒரு விஷயத்துலயே பாதி விடை இருந்துச்சு.

சனிக்கிழம போய் உக்காந்தேன். சுவிட்ச போட்டதும் எஃப்1 அடிக்காம அந்த நாலு வரிய வாசிச்சேன். சிமாஸ் செக்சம் தப்பு, தேதி நேரம் செட் ஆகல, தொடர எஃப்1 அழுத்தவும். அவ்ளவுதான். பயாஸுக்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற, போர்டோட சொந்த செட்டிங்) போனா தேதி 2009 ஜனவரி 1ன்னு காட்டுது. போர்டுல காசு சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கும்ல, சிஆர்2032, 3 வோல்ட், கரண்ட் இல்லாதப்ப தேதியும் செட்டிங்கும் மறக்காம வச்சிருக்கிறது, அது செத்து பல வருஷம் ஆகியிருக்கு. மல்டிமீட்டர் வச்சு பாத்தா ஒரு வோல்ட்டு கூட இல்ல.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, கம்ப்யூட்டர ஷட் டவுன் பண்ணினாலும் செவுத்து சுவிட்ச் ஆன்ல இருந்தா பவர் சப்ளையில இருந்து போர்டுக்கு கொஞ்சம் கரண்ட் வந்துட்டேதான் இருக்கும், அது வரைக்கும் பேட்டரி செத்திருந்தாலும் தேதியும் செட்டிங்கும் நிக்கும். கடையில பிளக்க பிடுங்குறதே இல்ல, அதனால அங்க ஒரு கோளாறும் தெரியல. நம்ம மாமா இடி மின்னலுக்கு பயந்து தெனம் ராத்திரி பிளக்க பிடுங்கி வயர சுருட்டி மேசைக்கு மேல வைக்கிறவர். ஒவ்வொரு காலையும் அந்த மெஷினுக்கு 2009தான். தேதி 2009ன்னா இன்னிக்கு இருக்கிற எந்த வெப்சைட் சர்டிபிகேட்டும் (சைட்ட நம்பலாம்னு காட்டுற, தேதி போட்ட அத்தாட்சி) அதுக்கு இன்னும் பொறக்கவே இல்ல, அதான் எல்லா சைட்டும் பாதுகாப்பு இல்லன்னு கத்துது. மாமா இத வைரஸ்னு நெனச்சு ஆன்டிவைரஸ் ஒண்ணுக்கு ரெண்டா போட்டு வச்சிருக்கார், ரெண்டும் காலாவதி, ரெண்டும் ராமுல உக்காந்து ஒண்ணுக்கொண்ணு மல்லுக்கட்டிட்டு இருக்கு.

பேட்டரி 40 ரூபா. திங்கள்சந்தை ஜங்ஷன்ல வாட்ச் கடையிலயே கெடச்சுது.

அப்ப பேட்டரி போட்டா தீந்துச்சா, எதுக்கு ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டுற அடிப்படை மென்பொருள்) மாத்தணும்னு கேக்கலாம், மாமாவும் அதத்தான் கேட்டார். தேதி பிரச்சன தீரும், மத்தது தீராது. மெஷின் விவரம் சொல்லிடறேன்: கோர் 2 டுயோ இ7500, 2.93 கிகாஹெர்ட்ஸ், ஜி31 சிப்செட் போர்டு, 2 ஜிபி டிடிஆர்2 ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 17 இஞ்ச் சதுர மானிட்டர். விண்டோஸ் 7, 32 பிட். யுபிஎஸ் ஒண்ணு இருக்கு, அதோட பேட்டரி செத்து அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேலதான் பாக்குது. விண்டோஸ் 7க்கு அப்டேட் வர்றது 2020 ஜனவரி 14ஓட நின்னாச்சு, குரோம் அதுல 109தான் கடைசி, 2023க்கு அப்புறம் புதுசு ஏறாது. மாமா இ-சேவை சைட் எல்லாம் அதுலதான் தொறக்கிறார், அங்க இங்க பக்கம் ஒடஞ்சு ஒடஞ்சு வருது.

விண்டோஸ் 11 அதுல போகாது. டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இல்ல, பிராசசர் லிஸ்ட்லயே இல்ல, பைபாஸ் பண்ணலாம்னு யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு ஆனா அதோட 24எச்2 பதிப்புல இருந்து பிராசசர்ல பாப்கவுன்ட்டுன்னு ஒரு கட்டளை கட்டாயம் வேணும், கோர் 2 காலத்து சிப்ல அது கெடையாது, பைபாஸ் பண்ணினாலும் பூட் ஆகாது. விண்டோஸ் 10 போகும், ஆனா அதுக்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சாச்சு, ஒரு செத்த ஓஎஸ்ஸ எடுத்துட்டு இன்னொரு செத்த ஓஎஸ்ஸ போடுறதுல என்ன இருக்கு. அப்ப லினக்ஸ்தான், காசில்லாம கெடைக்கிற இன்னொரு ஓஎஸ்.

எந்த லினக்ஸ்னு ரொம்ப யோசிக்கல. இன்னும் லேசா வேணும்னா ஆன்டிஎக்ஸ் இருக்கு, லுபுன்டு இருக்கு, ஆனா எழுபது வயசுக்காரர் தெனம் உக்கார்ற எடத்துல கீழ இடது மூலையில மெனு, வலது மூலையில கடிகாரம், டெஸ்க்டாப்ல ஃபோல்டர், இது இருந்தா போதும். லினக்ஸ் மின்ட் 22.2, எக்ஸ்எஃப்சிஇங்கிற லேசான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. குறைஞ்சது 2 ஜிபி ராம் வேணும், 4 இருந்தா நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க. 64 பிட் மட்டும்தான் வரும், மாமா கம்ப்யூட்டர்ல 32 பிட் விண்டோஸ் இருக்கிறதால மெஷினே 32 பிட்டுன்னு கடைக்காரர் சொல்லியிருந்தாராம். அப்படி இல்ல. இ7500 64 பிட் சிப்தான், அந்த காலத்துல கடையில எல்லா மெஷினுக்கும் ஒரே 32 பிட் சிடிய போட்டு விட்டாங்க, அவ்வளவே. உங்க வீட்டுலயும் 2008, 2009க்கு அப்புறம் வாங்கின கோர் 2 மெஷின் இருந்தா 32 பிட்டுன்னு எழுதி தள்ளிடாதீங்க, லைவ் பென் டிரைவ்ல (இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓட்டி பாக்குற பென் டிரைவ்) எல்எஸ்சிபியுன்னு கட்டளை அடிச்சா 32 பிட் 64 பிட் ரெண்டும் காட்டும்.

நாகர்கோவில் வேப்பமூடு பக்கம் ஒரு கடையில பழைய 2 ஜிபி டிடிஆர்2 ராம் ஒண்ணு கெடச்சுது, கூட 240 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு. ஜி31 போர்டு 4 ஜிபிக்கு மேல ஏத்துக்காது, ஸ்லாட்டும் ரெண்டுதான், ஆக அதோட உச்சம் அது. புது ராம ரெண்டாவது ஸ்லாட்ல போட்டா பீப் பீப்னு மூணு சத்தம், டிஸ்ப்ளே இல்ல. கழட்டி பாத்தா பழைய ராமோட தங்க நெற முனையெல்லாம் பச்ச பூத்து கெடக்கு. குளச்சல் கடல் ஒண்ணும் வெகு தூரம் இல்ல, காத்துல உப்பு, இங்க கேட்டுக்கு அடிக்கிற பெயின்ட் கூட ரெண்டு வருஷம் நிக்காது. பிள்ளைகளோட ரப்பர் ஒண்ண வாங்கி முனைய பைய அழிச்சு, ஸ்லாட்ட பெயின்ட் பிரஷால தட்டி விட்டு போட்டா ரெண்டும் சேந்து 4 ஜிபி காட்டிச்சு. முன்னாடி நடுவுல உறைஞ்சு நின்னதுக்கு இந்த பச்சையும் ஒரு காரணமா இருந்திருக்கும்.

இனி பென் டிரைவ் பூட். மின்ட்டோட இன்ஸ்டால் ஃபைல் (ஐஎஸ்ஓ) கிட்டத்தட்ட 3 ஜிபி, என் வீட்டுலயே இறக்கி, கெடாம வந்திருக்கான்னு செக்சம் சரி பாத்து, ரூஃபஸ்ங்கிற டூல் வச்சு பென் டிரைவ்ல எழுதிட்டு வந்திருந்தேன், பழைய பயாஸ் மெஷின்ங்கிறதால எம்பிஆர்ங்கிற பழைய முறைய தேர்ந்தெடுக்கணும். முன்னாடி இருக்கிற யுஎஸ்பி ஓட்டையில குத்தினா கண்டுக்கவே மாட்டேங்குது, பின்னாடி போர்டுலயே இருக்கிற ஓட்டையில குத்தினதும் தெரிஞ்சுது. ஆனா பூட் வரிசையில (எதுல இருந்து மொதல்ல ஓஎஸ் ஏத்தணும்ங்கிற பட்டியல்) யுஎஸ்பின்னு தேடினா கெடையாது. பழைய பயாஸ்ல பென் டிரைவும் ஒரு ஹார்ட் டிஸ்க்தான், ஹார்ட் டிஸ்க் டிரைவ்ஸ்னு உள்ள தனி பட்டியல் இருக்கும், அதுக்குள்ள போய் பென் டிரைவ மேல தூக்கணும், அப்புறம்தான் வெளிய பூட் வரிசையில அது பேர் வரும். இது தெரியாம பென் டிரைவ் கெட்டு போச்சுன்னு நாலு தடவ திருப்பி திருப்பி எழுதினவங்கள எனக்கு தெரியும்.

செட் பண்ணி சேவ் பண்ணி ரீஸ்டார்ட் ஆகுற நேரம் பாத்து வடக்க எங்கயோ தென்னை மட்ட லைன்ல விழுந்து கரண்ட் போச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா பூட் வரிசை பழையபடி. ஏன்னா புது பேட்டரிய வாங்கி மேசை மேல வச்சிருக்கேன், போர்டுல போடல. கவர்ல அப்படியே இருக்கு. மாமி பாத்துட்டு "இது கறிக்கு போடுற சாதனமா மக்களே"ன்னு கேட்டா. பேட்டரிய போட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சேன்.

லைவ்ல மின்ட் வந்ததும் நான் செய்யுற மொத வேல டிஸ்க்ஸ்ங்கிற டூல தொறந்து ஸ்மார்ட் (டிஸ்க் தன் ஒடம்பு நிலைய தானே சொல்ற அறிக்கை) பாக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்ல ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டு போய் வேற எடத்துக்கு மாத்தினது) நூறுக்கு மேல, பென்டிங் செக்டர் 48. பென்டிங்னா வாசிக்க முடியாம நிக்கிற எடங்கள். வேர்டு தொறக்க அஞ்சு நிமிஷம் ஆனது இதனாலதான், டிஸ்க் ஒரே எடத்த திரும்ப திரும்ப வாசிக்க முயற்சி பண்ணிட்டு நிக்குது. இந்த டிஸ்க் மேல புது ஓஎஸ் போட்டிருந்தா மாமாவோட பதினஞ்சு வருஷ மனுவும் போயிருக்கும், ஓஎஸ்ஸும் ரெண்டு மாசத்துல போயிருக்கும். எங்கிட்ட யாராவது லினக்ஸ் போட்டேன் ஸ்லோவா இருக்குன்னு வந்தா நான் மொதல்ல கேக்குறது இதத்தான், டிஸ்க் எப்படி இருக்குன்னு பாத்தியா.

காப்பி எடுக்க ஆரம்பிச்சேன், டி டிரைவ் முழுசும், சி டிரைவ்ல டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ். ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்குக்கு. பெரும்பாலானது ஒழுங்கா வந்துச்சு, 11 ஃபைல் மட்டும் இன்புட் அவுட்புட் எரர்னு முரண்டு பிடிச்சுது. டிடிரெஸ்க்யூன்னு ஒரு டூல் இருக்கு, முழு டிஸ்க்குக்குதான் எல்லாரும் ஓட்டுவாங்க, ஒத்த ஃபைலுக்கும் ஓட்டலாம். வாசிக்க முடிஞ்ச பாகத்த மொதல்ல எடுத்துட்டு முடியாத எடத்துக்கு திரும்ப திரும்ப வரும், எது வர எடுத்தோம்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், நடுவுல கரண்ட் போனாலும் விட்ட எடத்துல இருந்து தொடரலாம். லைவ்ல அது இருக்காது, போன யுஎஸ்பில குத்தி டெதரிங் போட்டு நெட் எடுத்து இன்ஸ்டால் பண்ணினேன். 11ல 9 வந்துச்சு. வராத ரெண்டும் எங்க அண்ணன் கல்யாண போட்டோ, அது வேற ரெண்டு பேர் வீட்டுல இருக்கு.

மறு வாரம் ஆபீஸ் யுபிஎஸ்ஸ ரெண்டு நாளைக்கு கடன் வாங்கி பைக் பின்னாடி கட்டி கொண்டு போனேன், அழகியமண்டபம் வளைவுல அது சாஞ்ச சாய்வுக்கு என் உசுரே போயிருக்கணும். இன்ஸ்டால் பண்ணும்போது பழைய டிஸ்க்கோட சாட்டா கேபிள பிடுங்கி வச்சிட்டேன். ரெண்டு டிஸ்க்கும் இருந்தா டிஸ்க்க அழிச்சு இன்ஸ்டால் பண்ணுங்கிற எடத்துல தூக்க கலக்கத்துல தப்பானத தொட வாய்ப்பு இருக்கு, அதோட ஓஎஸ்ஸ தொடங்கி வைக்கிற பூட் லோடர் போய் பழைய டிஸ்க்ல உக்காந்துக்கிற கூத்தும் நடக்கும், அப்புறம் பழச கழட்டினா புதுசு பூட் ஆகாது. கேபிள பிடுங்கிட்டா கண்ண மூடிட்டு அழுத்தலாம். மொழி, விசைப்பலகை, கொல்கத்தா நேரம், பேர், பாஸ்வேர்டு, இருபது நிமிஷம், முடிஞ்சுது. மெனு தமிழ்ல வேணுமான்னு கேட்டேன், மாமா "ஃபைல், எடிட்டுன்னு முப்பது வருஷமா பாத்தாச்சு, அதையே வையி"ன்னுட்டார்.

முன்ன நாலு நிமிஷம் ஆன எடத்துல ஐம்பது செகண்ட்ல டெஸ்க்டாப். ஒண்ணும் தொறக்காம 800 எம்பி சுத்தி ராம் எடுக்குது. விண்டோ மேனேஜர்ல நிழல், மங்கல் எல்லாம் போடுற கம்பாசிட்டர நிறுத்தினேன், பழைய கிராஃபிக்ஸ்ல அது தேவையில்லாத சொம. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சு மாமியோட மரச்சீனியும் மீன் கறியும் ஒரு பிடி பிடிச்சிட்டு திண்ணையில சாஞ்சேன்.

உள்ள இருந்து மாமா கூப்பிட்டார். சத்தம் வேற மாதிரி இருந்துச்சு. "லேய், எனக்க மனு எல்லாம் இங்கிலீஷ் ஆயிட்டு."

போய் பாத்தா வேர்டுக்கு பதிலா மின்ட்ல இருக்கிற லிப்ரெ ஆபீஸ்ல தொறந்து வச்சிருக்கார், 'அம்மா'ன்னு இருக்க வேண்டிய எடத்துல எம், கே, செமிகோலன், கே, எச். பக்கம் முழுக்க அப்படித்தான், ரெண்டாயிரம் ஃபைலுக்கு மேல. எல்லாம் பாமினி எழுத்துரு. யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் குடுக்கிற பொது முறை) முந்தின காலத்து வழக்கம் அது, ஃபைலுக்குள்ள இருக்கிறது வெறும் ஆங்கில எழுத்து, எழுத்துருதான் எம்முக்கு அ படமும் கே-க்கு ம படமும் போட்டு காட்டும், எழுத்துரு இல்லன்னா வேஷம் கலைஞ்சு போவும். நான் டாக்குமென்ட் எடுத்தேன், போட்டோ எடுத்தேன், விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு ஒண்ணு கெடக்கே அத எடுக்கல. மனு அடிக்கிறவர் வீட்டுக்கு போயிருக்கேன், அவர் எந்த எழுத்துல அடிக்கிறார்னு ஒரு வார்த்த கேக்கல.

பழைய டிஸ்க்க அழிக்காம வச்சது அன்னிக்கு காப்பாத்திச்சு. கேபிள மாட்டி, ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்து டிடிஎஃப் ஃபைல் எல்லாத்தையும் ஹோம்ல எழுத்துருவுக்கான ஃபோல்டர்ல போட்டு, எழுத்துரு பட்டியல புதுப்பிக்கிற எஃப்சி கேஷ் கட்டளைய அடிச்சு லிப்ரெ ஆபீஸ மூடி தொறந்தா எல்லா மனுவும் தமிழுக்கு வந்துட்டு. ஆனா அடுத்த கூத்து: மாமா புதுசா 'அவர்'னு அடிச்சு ஸ்பேஸ் தட்டினா 'ஆவர்' ஆகுது. 'அரசு' அடிச்சா 'ஆரசு'. கீபோர்டு கெட்டு போச்சுன்னு அத தலைகீழா கவுத்து தட்டிட்டு இருந்தார். நான் கொஞ்ச நேரம் முழிச்சிட்டு அப்புறம்தான் பிடிபட்டுச்சு: வாக்கியத்தோட மொத எழுத்த பெருசாக்குற ஆட்டோகரெக்ட். ஆங்கிலத்துக்கு அது சின்ன எம்ம பெரிய எம்மா மாத்துது, பாமினியில சின்ன எம் அ, பெரிய எம் ஆ. டூல்ஸ்ல ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் அந்த டிக்க எடுத்தேன், கூடவே நேரான மேற்கோள் குறிய வளைக்கிறதையும் எடுத்தேன், அதுவும் பாமினிக்கு ஆகாது. வேர்டுலயும் இதே தொல்ல ஒரு காலத்துல இருந்திருக்கும், யாரோ ஒரு புண்ணியவான் அப்பவே எடுத்து விட்டிருக்கான், மாமாவுக்கு அது ஞாபகமே இல்ல.

இனிமேலாவது யூனிகோடுக்கு மாறிக்கோங்க மாமான்னு ஆரம்பிச்சேன். தமிழ்99 தான் அரசு ஏத்துகிட்ட விசைப்பலகை, 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்ட ஒட்டி வந்தது, படிக்க சுளுவு, உயிர் ஒரு பக்கம் மெய் ஒரு பக்கம்னு நான் பாட்டுக்கு சொல்லிட்டே போறேன். மாமா கைய கீபோர்டு மேல வச்சபடி கேட்டுட்டு இருந்தார். அப்புறம் கண்ண மூடிட்டு ய ள ன க பன்னு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பாடத்த விரல்ல அடிச்சு காட்டிட்டு, "இந்த விரலுக்கு இனி பாடம் எடுக்க முடியாது மக்கா"ன்னார். அதுக்கு மேல நான் பேசல. பாமினி அவருக்கு ஒத்து வந்ததே அது பழைய தட்டச்சு மெஷின் வரிசையில ஓடுறதாலதான்.

பல மொழியில தட்டச்சு பண்ண உதவுற ஐபஸ் போட்டு அதுக்கு எம்17என் பொதிய சேத்தா தமிழுக்கு ஒரு பட்டியலே வருது, தமிழ்99, ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட், கூடவே டைப்ரைட்டர்னு ஒண்ணு. அத வச்சு குடுத்தேன். ரெண்டு மூணு குறி மட்டும் எடம் மாறி இருந்துச்சு, அத ஒரு துண்டு பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டி வச்சுகிட்டார். வெளிய வர்றது யூனிகோடு. அன்னிக்கு சாயங்காலம் ஒரு பாட்டிக்கு பென்சன் மனு அடிச்சு, அத எனக்கு வாட்சப்ல அனுப்ப சொல்லி, என் போன்ல தமிழா தெரியுதான்னு எட்டி பாத்தார். தெரிஞ்சுது. இவ்வளவு வருஷம் அவர் பென் டிரைவ்ல மனுவ எடுத்துட்டு போய் ஜெராக்ஸ் கடையில பாமினி இல்லன்னா திரும்பி வந்திருக்கார்.

பிரிண்டர் சின்ன கத, ஆனா அரை நாள தின்னுச்சு. பழைய சின்ன லேசர் பிரிண்டர். மின்ட் பேர் சொல்லி கண்டுபிடிச்சுது, பிரிண்ட் குடுத்தா வேல முடிஞ்சதுன்னு காட்டுது, பேப்பர் மட்டும் வரல. இந்த வகை பிரிண்டருக்குள்ள அதோட ஃபர்ம்வேர் நிரந்தரமா இருக்காது, ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் கம்ப்யூட்டர்தான் அத ஏத்தி விடணும், விண்டோஸ்ல டிரைவர் சத்தமில்லாம செஞ்சிட்டு இருந்தது இங்க தனியா ஒரு பிளகின் இறக்கினாதான் நடக்கும். இறக்கின பிறகு ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், உள்ள கரகரன்னு ஒரு சத்தம், பேப்பர் வந்துச்சு. இப்பமும் எப்பவாவது மொரண்டு பிடிக்கும், பிரிண்டர ஒரு தடவ அணைச்சு போட்டா சரியாகும்.

மாமிக்கு யூடியூப். கோர் 2ல இப்ப வர்ற வீடியோ வடிவங்கள டிகோட் பண்ண ஹார்டுவேர் உதவி கெடையாது, பிராசசர் மூச்சு வாங்கும். பழைய, லேசான எச்264 வடிவத்துலயே குடுன்னு கேக்குற ஆட்ஆன் ஒண்ண ஃபயர்ஃபாக்ஸ்ல போட்டு 480ல வச்சேன். 17 இஞ்ச் மானிட்டருக்கு அது தாராளம். சமையல் வீடியோ வெட்டாம ஓடுது, ஆனா பின்னாடி இன்னும் ரெண்டு டேப் தொறந்து வச்சா திணறும், அதுக்கு மேல அந்த மெஷின்கிட்ட எதிர்பாக்க கூடாது.

அஞ்சு மாசம் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவதான் கூப்பிட்டார். ஒரு தடவ அப்டேட் மேனேஜர்ல வர்ற கேடயத்த பாத்து பயந்து. இன்னொரு தடவ பக்கத்து வீட்டு பையனோட பென் டிரைவ்ல நியூ ஃபோல்டர் டாட் எக்ஸின்னு ஒண்ணு இருக்கு, கிளிக் பண்ணினா ஒண்ணும் ஆகல, கெட்டு போச்சான்னு கேட்டு. அது ஃபோல்டர் வேஷம் போட்ட பழைய விண்டோஸ் வைரஸ், இங்க அது வெறும் கல்லு, அழிச்சிடுங்கன்னேன். ஏதாவது கெட்டா பழைய நிலைக்கு திரும்ப டைம்ஷிஃப்ட்ங்கிற டூல் வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்குது, இதுவரைக்கும் தேவப்படல. மாமி இப்பமும் சுவிட்ச போட்டதும் எஃப்1 தட்டுறா.

செலவு கணக்கு பாத்தா ராம், எஸ்எஸ்டி, பேட்டரி, எல்லாம் சேத்தே கடைக்காரர் சொன்ன புது மெஷின் விலையில பத்துல ஒரு பங்குக்கு பக்கத்துல. நேரம்தான் மூணு வாரக் கடைசி. அதுல ஓஎஸ் போட்டது இருபது நிமிஷம், மீதியெல்லாம் பேட்டரி, பச்ச பூத்த ராம், சாகப்போற டிஸ்க், எழுத்துரு, பிரிண்டர். அடுத்த தடவ யாரு வீட்டுக்காவது இதே வேலைக்கு போனா நான் பென் டிரைவ பையில இருந்து எடுக்குறதுக்கு முன்னாடி அவங்கள உக்கார வச்சு நேத்து இதுல என்ன பண்ணினீங்களோ அத எனக்கு முன்னாடி ஒரு தடவ பண்ணி காட்டுங்கன்னு கேப்பேன். மாமாவ அப்படி உக்கார வச்சிருந்தா மொத அஞ்சு நிமிஷத்துலயே பாமினி கண்ணுல பட்டிருக்கும்.

பழைய ஃபைல யூனிகோடுக்கு மாத்துற வேல இன்னும் கெடக்கு. கன்வெர்ட்டர்ல பத்து ஃபைல் ஓட்டி பாத்தேன், எழுத்து சரியா வருது, ஆனா நடுவுல உள்ள சர்வே நம்பர், ஆங்கில பேர் எல்லாத்தையும் சேத்து தமிழாக்கி கொதறி வச்சிடுது, ஒவ்வொண்ணையும் கண்ணால பாக்கணும். மாமா அவசரப்படல, எழுத்துரு இருக்கிற வர தெறக்கும்லன்னார். பழைய டிஸ்க்க ஒரு பிஸ்கட் டின்ல போட்டு அலமாரியில பட்டா பத்திரத்துக்கு பக்கத்துல வச்சிருக்கார். அதுல 48 பென்டிங் செக்டர் இருக்கு, எத்தன நாளைக்கு சுத்தும்னு சொல்ல முடியாது, இப்பம் எழுத்துருவும் ஃபைலும் எஸ்எஸ்டிலயும் என் எக்ஸ்டெர்னல்லயும் இருக்குன்னாலும் அந்த டிஸ்க்க முழுசா ஒரு இமேஜ் (அச்சு அசல் நகல்) எடுத்து வைக்கணும். வர்ற ஞாயித்துக்கிழம அதுக்குத்தான் போறேன், யுபிஎஸ்ஸுக்கு இந்த தடவ கயிறு ரெண்டு கூடுதலா எடுத்து வச்சிருக்கேன்.